தலையாட்ட வைத்த ஊர்

ஆற்றில் கிளம்பிய படகு கடலோர ஏரிக்குள் நுழைந்த பிறகும் வாத்தியார் வாய் ஓயவில்லை.

“அமைதின்னா இதுதான். ரிடையர் ஆனதும் இங்கேயே வீடு கட்டிடலாமா?”

வீட்டில் தொட்டதற்கெல்லாம் மல்லுக்கு நிற்கும் மனைவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி தலையாட்டினாள். காதை மறைத்துத் தலைப்பாகை கட்டியிருந்த படகுக்காரரும் தலையாட்டினார்.

வாத்தியாருக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

“எங்க அக்காவையும் நம்மளோடவே வச்சுக்கலாமா?”

அதற்கும் தலையாட்டினாள். என்ன ஊர் இது, அடடா என்று வாத்தியார் பூரித்துப்போனார்.

கடற்கரையில் இறங்கியதும் படகுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து, காதிலிருந்து பஞ்சை உருவினார்.

“என்னப்பா இது?”

“அம்மா குடுத்தாங்க சார். அவங்க வச்சுக்கிட்டது போக மிச்சம். திரும்பிப் போறப்பவும் வேணும், தூக்கிப் போட்டுடாதீங்கன்னாங்க.”