அமுலு கொடுத்த மரியாதை

காசிமேட்டில் மாலை வெயில் படகுகளின் பச்சை வண்ணத்தில் வழிகிறது. ஐஸ் ஏற்றி முடித்த விசைப்படகு ஒன்று கடலுக்குப் புறப்பட உறுமிக்கொண்டிருக்கிறது. கரையில் நிற்கும் அமுலு, கணவன் தேசிங்கிடம் சாப்பாட்டுத் தூக்கை நீட்டி, "போய்ட்டு வாங்க" என்கிறாள். கயிற்றை அவிழ்க்கப் போன அவன் கை அப்படியே நிற்கிறது. மாலை வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு விளங்கவில்லை. நல்ல வார்த்தைதானே சொன்னாள்? "இன்னாம்மே, வாங்க போங்கன்னு? எப்பவும் போல திட்டு" என்கிறான் தேசிங்கு. "மதியம் உங்க அக்கா எதிர்ல என்னை மரியாத தெரியாதவன்னு சொன்னீங்களே. கத்துக்கினேன்." தேசிங்கு சிரிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. "யாரோ ஒருத்தன அனுப்புற மாரி கீதும்மே. இப்டி அனுப்பினா நான் எப்டி கடலுக்குப் போவேன்?" படகிலிருந்து ஒருவன் கத்துகிறான்: "அண்ணி, ஒரு வார்த்த திட்டி வுடு! டீசல் வீணாப் போவுது." அமுலு தரையைப் பார்க்கிறாள். எஞ்சின் புகை இருவருக்கும் நடுவே மிதக்கிறது. "நான் சொன்னது தப்புதாம்மே" என்கிறான் தேசிங்கு, அத்தனை பேர் காதிலும் விழும்படி. அவள் சட்டென நிமிர்கிறாள். "போடா கசுமாலம்! மாத்திரைய போடாம வந்தேன்னு வையி, தோல உரிச்சிடுவேன்." படகே சிரிக்கிறது. கயிறு அவிழ்கிறது. அவன் கையாட்டுகிறான், அவள் ஆட்டவில்லை, திட்டிக்கொண்டே கரையோரம் நடக்கிறாள். படகு அலைதடுப்புக் கற்களைத் தாண்டிய பிறகும் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருக்கின்றன, சத்தம் மட்டும் இல்லை.