நீக்கப்பட்ட பேச்சு

நூலக ஜன்னல் வழியே மாலை வெயில் அவள் மடிக்கணினியில் சாய்ந்து கிடக்கிறது. மாதக்கணக்காகக் கடலில் இருக்கும் அப்பாவை, கப்பலின் இன்ஜின் அறை வேலை பற்றி வகுப்பு ஆய்வுக்காகப் போனில் பேட்டி எடுத்தாள். பேட்டியின் ஒலிப்பதிவிலிருந்து ஏஐ எழுதித் தந்த பிரதியை அப்படியே கொடுத்துவிட மனம் வராமல், பதிவைக் கேட்டபடி வரிவரியாகச் சரிபார்க்கிறாள். சூடு, கிரீஸ், தூக்கம் என அவர் சொன்னதெல்லாம் பிசகாமல் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும், ‘தொடர்பில்லாத பேச்சு நீக்கப்பட்டது.’ காதுக்குள் இன்ஜின் இரைச்சலை மீறி அப்பா கத்துகிறார்: “அது கெடக்கட்டும், நீ சாப்பிட்டியாம்மா?” உடனே அவள் குரல்: “அடுத்த கேள்விப்பா.” விட்டுப்போன இரண்டையும் தன் கையாலேயே தட்டிச் சேர்க்கிறாள். பதிவைப் பின்னால் நகர்த்தி, அவர் கேட்டு முடித்ததும் நிறுத்துகிறாள். “சாப்பிட்டேம்பா” என்கிறாள், நூலகமே திரும்பிப் பார்க்கும்படி; அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்க வேண்டுமே.