செராமிக்தான் வேணும்

“ஆம்ப்ளிஃபயருக்கு ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்க சார், பாட்டு சுத்தமாக் கேட்கும்” என்றார் கடைக்காரர்.

“வேணாம், செராமிக் கெப்பாசிட்டரே குடுங்க.”

“சொன்னாக் கேளுங்க! செராமிக்கை லேசாத் தட்டினாலே ஸ்பீக்கர்ல டொக்குனு கேட்கும்.”

“எவ்வளவு லேசா?”

கடைக்காரர் பொறுமையிழந்தார். மேசையில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரின் செராமிக்கை விரல்நுனியால் தட்டினார்.

டொக்!

“கேட்டுச்சா? இந்த இம்சை தேவையா?”

வந்தவர் முகம் மலர்ந்தது.

“என் சம்சாரத்துக்குப் பக்கவாதம். ஆறு மாசமாப் பேச்சில்ல, அசைவில்ல. நேத்துதான் ஒரு விரல் அசைஞ்சுது. அந்த விரலுக்குக் கீழ இதை வச்சா, நான் சமையல்கட்டுல இருந்தாலும் அவ கூப்பிடறது கேட்கணும்.”

கடைக்காரர் ஃபிலிம் டப்பாவை மூடினார். செராமிக்கை ஒவ்வொன்றாகப் பொருத்தித் தட்டிப் பார்த்து, லேசாகத் தொட்டாலே சத்தம் வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“ஸ்பீக்கர் மட்டும் சின்னதாப் போதும்ணே. இனிமே அண்ணி உங்களை உட்காரவே விடமாட்டாங்க!”