காட்டெருமைக்குக் கரண்ட் இல்லை

மின்வாரிய ஜீப் கோயிலடியில் வந்து நின்றதுமே தங்கராஜுக்கு முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட்டில் குடியிருக்கிற சனம் அத்தனையும் அங்கேதான் நின்றது. கோயில் முன்னால் ரெண்டு ஆள் உயரத்துக்கு மூங்கில் சட்டம். சட்டம் முழுக்கச் சீரியல் பல்பு. சுவிட்சைத் தட்டினால் ஒரு காட்டெருமை எரியும். தலையை ஆட்டும், வாலைச் சுழற்றும். காபித் தோட்டத்தில் எதிரே வந்து நின்று நம்மை ஒரு முறை முறைக்குமே, அதே முறைப்பு.

கட்டியவர் பெரியசாமி. எலக்ட்ரீசியன் படிப்பெல்லாம் கிடையாது. காபிப் பழத்தில் தோல் உரிக்கிற மெஷினில் வேலை. பல்பு கோர்ப்பது சும்மா ஆசைக்கு. வருசா வருசம் தன் வீட்டுச் சுவரில், தன் வீட்டுப் பிளக்கில் மாட்டி, மயிலோ குரங்கோ எதையாவது எரியவிடுவார். மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கைவேலை என்றால் அது கைவேலை!

இந்த வருசம் அது கோயில் வாசலில்தான் எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கமிட்டித் தலைவர் தங்கராஜ். கோயிலுக்குக் கரண்ட் கனெக்சன் கிடையாதே என்றால், ரோட்டோரக் கம்பத்தில் ஒரு கொக்கி போட்டால் தீர்ந்தது என்றார். காபி காயப்போடும் களத்தைச் சுற்றியுள்ள கம்பி வேலி மேலேயே ஒயரை இழுத்து வந்தாயிற்று. கொக்கி மாட்டுவதுதான் பாக்கி. அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

இறங்கியவர் லைன் இன்ஸ்பெக்டர் மரியஜோசப். காட்டெருமையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மனுசன் அசந்துபோனது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பேச்சில் இளக்கம் இல்லை.

"உங்க ஊட்டுப் பிளக்குல மாட்டி என்ன வேணா எரிங்க, அது உங்க ஆசை. பிளக்குக்கு அந்தப் பக்கம் கை வைக்கறதுன்னா லைசென்ஸ் இருக்கற வயர்மேன் வேணுங்க. கம்பத்துல கொக்கி போட்டா நேரா கேசுதான். கோயிலுக்குத் தற்காலிகக் கனெக்சன் வேணும்னு முன்னாடியே கேட்டிருந்தா குடுத்திருப்பமே?"

தங்கராஜ் கெஞ்சினார். அம்மன் காரியத்துக்குச் சட்டமா என்றார். பெரிய இடத்துப் பேர் ரெண்டைச் சொல்லிப் பார்த்தார். நாளைக்குக் கெடாவிருந்துக்கு வாங்க என்றுகூடக் கூப்பிட்டார். ஒன்றும் வேலைக்காகவில்லை. இன்ஸ்பெக்டரோடு வந்த ஆட்கள் வேலியிலிருந்த ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஜீப்பில் போட்டார்கள். இன்னொரு தரம் வரவைக்காதீங்க என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பிவிட்டார்.

ஜீப் திரும்பியதும் ஊர் கொதித்தது. மலை மேல் காட்டுக்குள் கிடக்கிற ஊர். யாராவது போட்டுக் கொடுக்காமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லாரும் மருதாயியைத்தான் பார்த்தார்கள். அவளுடைய ஆடு போன மாசம் பெரியசாமி வீட்டு அவரைக் கொடியை மேய்ந்ததிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போதாக்குறைக்குக் காலையில் அவள் டவர் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று போன் பேசியதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். சேலத்தில் இருக்கிற மகளிடம் பேசினேன் என்று மருதாயி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். யார் காதில் விழுகிறது? இந்த மாதிரி நேரத்தில் ஊருக்குக் காது இருப்பதில்லை.

தங்கராஜ் தீர்ப்பே சொல்லிவிட்டார். "நாளைக்கு இவ தீர்த்தக்குடம் கோயிலுக்குள்ள வரக்கூடாது."

மருதாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆபரேசன் ஆன மகள் பிழைத்து எழுந்ததற்கு நேர்ந்துகொண்ட குடம் அது. வாய்விட்டு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஒருத்தரும் பக்கத்தில் போகவில்லை.

சட்டத்திலிருந்து பல்பு மாலையை இறக்கிக்கொண்டிருந்த பெரியசாமி அதைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அவங்கள உடுங்க. போன் போட்டது நானுங்க."

ரெண்டு மாசமாக மனுசன் தூக்கம் கெட்டுக் கட்டியது. ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அதை எரியவிடாமல் அடிக்க அவரே ஆள் கூப்பிட்டாரா?

"பித்துக் கித்துப் புடிச்சிருக்குதாய்யா உனக்கு?" என்றார் தங்கராஜ்.

"வேண்டாம்னு அப்பவே சொன்னேனுங்க. நீ போடாட்டிப் போ, நானே கொக்கி மாட்டிக்கறேன்னு நின்னீங்க. நாஞ்சொன்னா கேக்க மாட்டீங்க, சட்டம் சொன்னா கேப்பீங்கன்னு தோணுச்சு. யாரு சொன்னதுன்னு தெரியாமயே போயிரட்டும்னு இருந்தேன். மருதாயக்கா மேல பழி வந்தப்புறம் எப்படிங்க சும்மா இருக்கறது?"

"அப்படி என்னய்யா ஆயிரப்போகுது? ஒரு நாள் கூத்து!"

பெரியசாமி களத்து வேலியைக் கைகாட்டினார்.

"நொம்பப் பயமா இருந்துச்சுங்க. சாரல் உழுந்து வேலிக்கம்பி பூரா நனைஞ்சு கெடக்குது. எங்கயாச்சும் ஒயர் உரிஞ்சிருந்தா வேலி மொத்தமும் கரண்டு. ஈரச்சேலையும் வெறுங்காலுமா அந்த வேலிய ஒட்டித்தானுங்க அத்தனை பொம்பளைங்களும் குடம் எடுத்துட்டு வருவாங்க."

அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்றுதான் திரும்பினார். மனசு கேட்கவில்லை போல, நின்று தங்கராஜைப் பார்த்தார்.

"மொதக் குடம் உங்க ஊட்டுக்காரம்மாளுதுங்க."