ஒன்பது அடி

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா ஆரின். என் நிலத்து எல்லை முளையை நீ தப்பா அடிச்சியா, இல்லையா?"

சர்வேயர் ஆரின் மேஜை மேலிருந்த வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான் கிளைடு. முப்பத்தைந்து வருடச் சிநேகம். மொன்டானா குளிரில் ஒரே கூடாரத்தில் படுத்து எல்க் மான் வேட்டையாடியவர்கள்.

"பக்கத்துப் பண்ணையை வாங்கின புண்ணியவான் வேற சர்வேயரை வச்சு அளந்துட்டான். என் வீடு ஒன்பது அடி அவன் நிலத்துல நிக்குதாம். பனி உருகினதும் இடிக்கணும்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. நீ அடிச்ச முளையைப் பார்த்துத்தானேடா அஸ்திவாரம் போட்டேன்?"

ஆரினுக்குத் தெரியும். பழைய வேலிக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எல்லையின் மூலைக்கல் என்று நம்பி, அங்கிருந்து அளந்துவிட்டான். தப்பு முழுக்க அவனுடையது. போன வாரம் தனியாகப் போய்ப் பார்த்து, பனியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தான்.

சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் அவனுடைய தொழிலுக்குக் காப்பீடு தந்திருந்த கம்பெனிக்காரி காலையில் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"உங்க மேல கேஸ் போடப்போறதா கிளைடோட வக்கீல் எழுதியிருக்கார். போடட்டும். கேஸ் வந்தா புது வீட்டுக்கான முழுப் பணத்தையும் நாங்க குடுத்துடுவோம். ஆனா நீங்க அவர்கிட்ட 'என் தப்பு'ன்னு ஒப்புக்கிட்டா பாலிசி செல்லாது. அப்புறம் நீங்கதான் குடுக்கணும். உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ஒரு பழைய டிரக்."

"அப்ப வாயை மூடிட்டு இருங்க."

வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். இங்கே வாய்விட்டால் கிளைடு தெருவுக்கு வந்துவிடுவான்.

"எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமா பேசிக்கலாம்," என்றான் ஆரின்.

"வக்கீலா? என் நாய் மேல நீ வண்டியை ஏத்தினப்போ நான் பார்க்கக்கூட இல்ல. நீயா வந்து கதவைத் தட்டி, 'நான்தான் கொன்னுட்டேன்'னு அழுதியேடா. அப்ப வக்கீல் வந்தாரா?"

ஆரின் உதட்டைக் கடித்துக்கொண்டான். வாயில் ரத்தம் கரித்தது. திட்டிவிட்டுப் போடா, என்று உள்ளுக்குள் கெஞ்சினான். ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்க வேண்டாம், உனக்கு ஒரு கூரை மிஞ்சினால் போதும்.

கிளைடு போகவில்லை. ஜன்னல் வழியே எதிர்ச்சாரிக் கோர்ட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். அங்கே மணி ஐந்து அடித்தது. காவலாளி கதவைப் பூட்டினான்.

கிளைடு பெருமூச்சு விட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தான்.

"ஒரு நாய் விஷயத்துலயே மறைக்கத் தெரியாதவன் நீ. தப்பு உன்னுதா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்ப. வக்கீல் பேச்சைக் கேட்டு உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு. மன்னிச்சுடுடா."

அவன் போன பிறகு ஆரின் கவரைப் பிரித்தான். உள்ளே இருந்தது அவன்மேல் போடுவதற்காகத் தயாரான வழக்கு மனு; மேலே வக்கீல் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'கெடு இன்று மாலை ஐந்து மணி. தவறினால் இந்த வழக்கை இனி எப்போதும் போட முடியாது.'