புதுச்சேரி வெயிலின் சராசரி

புதுச்சேரியில் போதிய வெயில் இல்லை என்ற அறிக்கையை, நெற்றி வியர்வையை மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டு, முசியே பிரான்சுவா வாசித்து முடித்தார்.

1984 ஏப்ரல். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

மருத்துவமனையின் சூரிய வெப்பத் திட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அறிக்கை மேசையைச் சுற்றி வந்தது. ஆறு பேர் கையெழுத்திட்டார்கள். ஏழாவதாகப் பிரசவ வார்டின் தலைமைச் செவிலி லூர்துசெல்வியின் முன் வந்து நின்றது.

திட்டம் என்னவோ பெரிதுதான். ஐந்து கட்டங்கள், பன்னிரண்டு ஆண்டுகள். முதலில் பிரசவ வார்டுக்கு வெந்நீர். பிறகு மற்ற வார்டுகளுக்கு. பிறகு சலவைக்கும் சமையலுக்கும். ஐந்தாம் கட்டத்தில் ஆபரேஷன் தியேட்டரையே வெயிலைக் கொண்டு குளிரவைப்பதாக எழுதியிருந்தது. அந்த வரியை எழுதியவர் மறுமாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முன்னோட்டமாக ஓராண்டுக்கு முன் பிரசவ வார்டின் மொட்டை மாடியில் அடியில் கறுப்புத் தகடு வைத்த ஒரு பெரிய கண்ணாடிப் பலகையையும் ஒரு பீப்பாயையும் பொருத்தினார்கள். அன்று முதல் அந்த வார்டில் பிள்ளை பெற்றவள் எவளும் வெந்நீருக்குக் காத்திருந்ததில்லை. அதற்கு முன்போ, ஈரச் சவுக்கு விறகை ஊதி ஊதித் தண்ணீர் சுடுவதற்குள் பிறந்த குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிடும்.

இவளும் கையெழுத்திட்டால் திட்டம் கைவிடப்பட்டு, திங்கட்கிழமை பீப்பாய் இறங்கிவிடும். விறகு திரும்பி வரும்.

லூர்துசெல்வி அறிக்கையின் இணைப்பைப் புரட்டினாள். மணிவாரியாக வெப்ப அளவுகள். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை எண்கள். மாலை நான்கு முதல் ஆறு வரை எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று மணிக்கு நேராக, ஆண்டு முழுவதும், வரிசை பிசகாத சுழியங்கள். அவற்றையும் சேர்த்தே கூட்டி வகுத்துச் சராசரி கண்டிருந்தார்கள். அந்தச் சராசரியில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டினால் அதற்குச் சளி பிடிக்கும்.

சுழியம் எதற்கு என்று கேட்டாள்.

முசியே பிரான்சுவா அவளைப் பரிவோடு பார்த்தார்.

"மத்தியானத்துல ஆபீசு ஏது சிஸ்டர்? பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து பன்னண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஊரே தூங்குது. தெர்மாமீட்டர் மட்டும் முழிச்சிருக்கணுமா?"

குழு சிரித்தது. அளவு குறிக்கும் தினக்கூலி ஆள் கோவிந்தராசு மட்டும் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் குழுவிடம் வாதாடிப் பயனில்லை என்பதை லூர்துசெல்வி அறிவாள். இவ்வளவு பெரிய முடிவுக்கு ஓராண்டு அளவு போதுமா, இன்னும் ஓராண்டு அளந்து பார்த்தால் என்ன என்று மட்டும் பணிவாகக் கேட்டாள். அளக்கும் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை என்பதையும் மறவாமல் சேர்த்துக்கொண்டாள்.

தள்ளிப்போடலாம் என்றதும் அந்த முகங்களில் தோன்றிய மலர்ச்சியை எந்தத் தெர்மாமீட்டராலும் அளந்திருக்க முடியாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பீப்பாய் மாடியிலேயே இருக்கும். காபி வந்தது.

கூட்டம் கலைந்ததும் கோவிந்தராசு வார்டு வாசலில் வந்து நின்று, முழுக்கைச் சட்டையை மெல்ல மேலே ஏற்றினான்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. அவள் போட்டதுதான். பத்து நாள்களுக்கு முன், பகல் இரண்டு மணிக்கு, பீப்பாயின் ஆவிக்குழாய் பொங்கி அந்தக் கையின் மேல் கொட்டியிருந்தது. அந்நேரத்தில் மாடியில் படுத்திருந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவன் கெஞ்சினான். முப்பது ஆண்டுப் பணியில், பதிவேட்டில் 'காரணம்' என்ற இடத்தை அவள் நிரப்பாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

கொப்புளங்கள் வற்றத் தொடங்கியிருந்தன. மருந்திட்டுப் புதுக்கட்டுப் போட்டவள், இனி அந்த மாடியில் போய்ப் படுக்கக் கூடாது என்று கண்டித்தாள்.

"எங்க போறது சிஸ்டர்? கீழ எல்லா ரூமையும் உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டுத் தூங்குறாங்க. மாடியில அந்தக் கண்ணாடிக்கு அடியிலதான் நெழலு."