ரப்பர் நோயாளியின் சுவிட்ச்

டாக்டர், நர்ஸ் மாணவர்களின் கூட்டுப் பயிற்சி வகுப்பில், பொம்மையான ரப்பர் நோயாளி நாலாவது தடவையாகச் செத்துப்போனார்.

"இவருக்கு எந்த ஊசி ஆகாதுன்னு முதல் வரியிலேயே எழுதியிருந்தேனே" என்றது நர்ஸ் மாணவியின் பேனா.

"அது நர்ஸ் எழுதுற பக்கம். நான் புரட்டுறதில்லை" என்றது டாக்டர் மாணவனின் பேனா. "அதே ஊசியை நான் எழுதினப்போ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

"நீங்க எழுதினதை நான் எப்படிங்க தப்புன்னு சொல்றது?"

ரப்பர் நோயாளி படுத்தபடியே சொன்னார்: "முதுகுக்கு அடியில சுவிட்ச் இருக்கு. போடுங்க, எழுந்துக்கிறேன்."

இரண்டு பேனாக்களும் தேர்ச்சி பெற்று வார்டுக்குப் போயின. ஏழாம் கட்டில் செல்லாயிக்கும் அந்த ஊசி ஆகாது. டாக்டர் பேனா அதையே எழுதியது. நர்ஸ் பேனா பார்த்துக்கொண்டிருந்தது.

செல்லாயியின் மூச்சு நின்றதும், இரண்டும் அவள் முதுகுக்கு அடியில் சுவிட்சைத் தேடின.